கண்ணி தின்னாத வரிசைகள்

ஐம்பத்தோரு வயதில் கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்த என் தங்கை, சால்வையின் ஓரம் முடிந்த பிறகு பதில் சொல்வதாகக் கண்ணாடிக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே என்னிடமும் சொன்னாள்.

“ஓரத்தை நாம ரெண்டு பேருமா போடுவோம்க்கா. முடியிற அன்னிக்கு அவருக்குப் பதில்.”

“என்ன பதில்?”

“முடியட்டும்.”

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்குகிற எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு என்னவோ சரி என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பில் பொங்கவிருந்த பாலை இறக்கி வைத்தேன்.

கண்ணாடிக்காரர் எங்கள் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது. தங்கைக்கு வெள்ளெழுத்து வந்து, பின்னும்போது ஊசியில் நூல் கண்ணிகள் ஒன்றோடொன்று கலந்து தெரிகின்றன என்று அவரிடம் போனாள். கண்ணாடி இரண்டே நாளில் தயாராகிவிட்டது. அதற்குப் பிறகு மாதத்துக்கு மூன்று தடவை அந்தக் கண்ணாடியில் ஏதாவது ஒரு திருகு தளர்ந்துகொண்டே இருந்தது. திருகு இப்படித் தானாகத் தளருமா என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கோட்டை விட்டேன்.

மனிதர் நல்லவர்தான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரிப்பதால் என் முகம் அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை என்று நினைத்துக்கொள்வேன். மாதக் கடைசியில் அவர் கடையை மூடிவிட்டு மகன் இருக்கிற ஊருக்குப் போகிறார். ரயிலில் அரைநாள் பயணம். கூட வருகிறாயா என்றுதான் தங்கையிடம் கேட்டிருக்கிறார்.

அம்மா போன பிறகு இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் இந்த மூன்றாம் மாடியில், இந்த இரண்டு அறைகளில் இருக்கிறோம். நான் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். அவள் பொத்தான் கடையில் பொத்தானும் ஜிப்பும் கம்பளி நூலும் விற்கிறாள். ஏழு மணிக்கு நான் வருவேன், ஏழேகாலுக்கு அவள் வருவாள். அந்தக் கால்மணி நேரம்கூட எனக்கு நீளமாக இருக்கும். இதை அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அவள் போகக் கூடாது என்று நினைத்தேன்.

சால்வையின் நடுச் சதுரத்தை அவள் குளிர்காலம் முழுவதும் பின்னி முடித்திருந்தாள். மழை வருமுன் வானம் இருக்குமே, அந்தச் சாம்பல் நிறம். அதுவரை அவள் பின்னியதெல்லாம் யார் யாருக்கோ. தனக்கென்று பின்னியது இதுதான் முதல்.

ஓரம் என்றால் கடைசியில் ஒட்டுகிற ஏதோ ஒன்று என்று பின்னாதவர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. சதுரத்தின் நாலு பக்கத்துக் கண்ணிகளும் நீண்ட வளைய ஊசிகளில் முடியாமல் காத்திருக்கும். ஓரம் அவற்றுக்குக் குறுக்காகப் போகிற ஒரு குட்டி நாடா, பன்னிரண்டு கண்ணி அகலம். வெளியே ஒரு வரிசை போக வேண்டும், உள்ளே ஒரு வரிசை திரும்ப வேண்டும். திரும்பி வந்ததும் நாடாவின் கடைசிக் கண்ணியைச் சால்வையின் ஒரு கண்ணியோடு சேர்த்துப் பின்ன வேண்டும். இதை நாங்கள் தின்பது என்போம். ஒரு தடவை போய்வந்தால் ஒரு கண்ணி தின்னலாம். எட்டுக் கண்ணி தின்றால் ஒரு பல் உருவாகும், இலை நுனி மாதிரி கூராக. நானூற்றெண்பது கண்ணிக்கு அறுபது பல். மூலையில் மட்டும் ஓரம் திரும்புவதற்காகச் சில வரிசைகள் கூட்டுவோம். மற்ற இடத்தில் கூட்டக் கூடாது; கூட்டினால் ஓரம் படியாமல் அலையடித்து நிற்கும்.

இரண்டு பேர் சேர்ந்து ஒரே ஓரத்தைப் போடுவது எல்லோருக்கும் வாய்க்காது. எங்களுக்கு வாய்த்தது, ஏனென்றால் நான் நொட்டாங்கை. அவள் பின்னல் வலமிருந்து இடமாக ஓடும், என்னுடையது இடமிருந்து வலமாக. ஒரே மூலையில் தொடங்கினால் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு பிரிந்து போவோம். ஆளுக்கு இரண்டு பக்கம், முப்பது பல் முடித்து எதிர் மூலையில் சந்திப்போம். என் பற்கள் ஒரு பக்கமும் அவள் பற்கள் மறுபக்கமும் சாய்ந்து, கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் இந்தக் கைக்காக நான் வாங்காத அடி இல்லை. அது ஒருநாள் இப்படி உதவும் என்று அந்த டீச்சருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

தினமும் சாயங்காலம் ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு, சால்வையை நடுவில் இரண்டு மடிகளிலும் கிடத்திக்கொள்வோம். முதல் இரண்டு நாள் எங்கள் முழங்கைகள் இடித்துக்கொண்டன. பிறகு விலகினோம். வெளியே வெளிச்சம் மங்க மங்க, நடுவில் கிடந்த சாம்பல் துணி ஒரு ஏரி மாதிரி எனக்குத் தெரிய ஆரம்பித்தது. நான் ஒரு கரையில் நடக்கிறேன், அவள் எதிர்க்கரையில் நடக்கிறாள். தண்ணீரில் சத்தமே இல்லை. கூப்பிட்டால் கேட்குமா என்றுகூடத் தெரியவில்லை.

முதல் தடவை அது தெரியாமல்தான் நடந்தது. ஏரியைப் பார்த்துக்கொண்டே உள்ளே திரும்பி வந்தவள், கண்ணியைத் தின்னாமல் மறுபடி வெளியே போய்விட்டேன். இரண்டு வரிசை பின்னியாகிவிட்டது, சால்வையில் ஒரு கண்ணிகூடக் குறையவில்லை. பிரித்துவிட்டுத் திரும்பப் போட்டிருக்கலாம். போடவில்லை. அடுத்த பல்லில் தெரிந்தே செய்தேன், மூன்றாவது போக்கில் ஒரு தடவை, ஏழாவது போக்கில் ஒரு தடவை. அதற்கடுத்த பல்லிலும் அப்படியே. நனைத்து ஊசி குத்திக் காயவைக்கும் வரை எந்தச் சால்வையும் கசங்கிய துணிதான். அதுவரை ஒருவருக்கும் தெரியாது என்பது என் தைரியம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுபோகும் என்று நினைத்ததாம்.

அந்தத் தின்னாத வரிசைகளை என்னால் மறக்க முடியாது. அவை எங்கேயும் போகாத வரிசைகள். அவற்றைப் பின்னும்போது எங்கள் இரண்டு அறைகளுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு அறை திறந்துகொள்ளும். அங்கேயும் இதே ஜன்னல், இதே இரண்டு நாற்காலிகள். வெளிச்சம் மங்கத் தொடங்கி, மங்காமல் அப்படியே நிற்கும். விளக்குப் போட யாரும் எழுந்திருக்க வேண்டாம். தெருமுனையில் கடை எதுவும் இருக்காது. தங்கை எதிரே உட்கார்ந்திருப்பாள், ஏதோ கேட்பாள், நான் பதில் சொல்வேன், கேள்வியும் பதிலும் ஞாபகத்தில் நிற்காது. பிறகு ஏழாவது போக்கு முடியும், ஒரு கண்ணியைத் தின்பேன், அறை மூடிக்கொள்ளும்.

சலவைக்கூடத்திலும் அந்த அறை என்னோடு வந்தது. உருளைக்கும் எனக்கும் நடுவே ஆவி நிற்கும்; விரிப்புகள் ஒவ்வொன்றாக அதற்குள்ளிருந்து வெள்ளையாக வந்துகொண்டே இருக்கும். நான் மடிப்பேன். மடித்தது எத்தனை என்று நினைவிருக்காது.

ஒருநாள் ஆவிக்குள்ளிருந்து கண்ணாடிக்காரர் வந்தார். கையில் வெளுக்கப் போட வேண்டிய வெள்ளைக் கோட்டு. கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டதால் என்னைத் தேடிக் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஓரம் எந்த மட்டுல இருக்குங்க?” என்று கேட்டார்.

“பாதிகூட ஆகல.”

“அப்படியா.” கோட்டை மேசைமேல் வைத்துவிட்டு அதன் கையை நீவினார். “அவசரமே இல்லங்க. நிதானமாப் போடுங்க. அது அவங்களுக்குன்னு போடறது, நல்லா வரணும். சாமான் வண்டிக்குச் சனிக்கிழமை சொல்லியிருக்கேன், அடுத்ததுக்கு அடுத்த சனிக்கிழமை. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இப்படிப் பேசுகிறவரை என்ன செய்வது? அவர் கோட்டுக்கு அன்றைக்கு இரண்டு முறை இஸ்திரி போட்டேன். அதற்காகச் சாயங்காலம் கண்ணியைத் தின்னாமல் விடுவதை நிறுத்தவுமில்லை.

அடுத்து வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கை குளிக்கப் போயிருந்தபோது, புதுக் கண்டு எடுக்க நூல் பைக்குள் கைவிட்டேன். பையில் அரைக் கண்டுதான் இருந்தது. ஓரத்துக்கு எட்டுக் கண்டு தாராளம் என்று கணக்குப் போட்டு அவள்தான் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தாள். ஓரமோ இன்னும் கால்வாசி மிச்சம். குறைந்தது இரண்டு கண்டு கையில் இருக்க வேண்டும். என் திருட்டு எனக்குத் தெரியும்; அதற்கு ஒரு கண்டு போயிருக்கும். இன்னொன்று எங்கே போயிற்று?

சால்வையை எடுத்துத் தரையில் விரித்தேன். முதலில் என் பக்கத்தை எண்ணினேன், முப்பது பல் போட்டிருந்தேன். அத்தோடு என் பங்கே முடிந்திருக்க வேண்டும். அறுபதுக்குக் கொஞ்சம் குறைய கண்ணிகள் இன்னும் ஊசியில் இருந்தன. பிறகு அவள் பக்கத்தை எண்ணினேன். அங்கேயும் முப்பது பல், ஊசியிலும் ஏறக்குறைய அவ்வளவே. முழங்காலிட்டுக் குனிந்து அவள் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். முதல் ஓரிரு பல்லைத் தவிர, ஒரு பல்லுக்கு ஆறு கண்ணிதான் தின்றிருந்தாள். மூன்றாவது போக்கில் ஒன்று விட்டிருந்தாள், ஏழாவது போக்கில் ஒன்று.

எனக்கு வந்த சந்தோஷத்தை ஒளிக்கப் போவதில்லை. அவளுக்கும் போக மனசில்லை. அவளும் என்னைப் போலவே, என் எதிரிலேயே உட்கார்ந்து, கண்ணியை விட்டு விட்டுப் பின்னியிருக்கிறாள். இதற்கா ஒரு மாதமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்று சிரிப்பு வந்தது. தரையில் உட்கார்ந்து சத்தமாகவே சிரித்தேன்.

தங்கை தலையில் துண்டோடு வந்து கதவருகில் நின்றாள். சால்வையையும் என்னையும் பார்த்தாள்.

“எண்ணிட்டியா?”

“எண்ணிட்டேன். கள்ளி. போக இஷ்டமில்லைன்னா வாயத் திறந்து சொல்லவேண்டியதுதானே?”

அவள் துண்டை அவிழ்த்து, முடியைத் துவட்டி, துண்டை மறுபடி மடித்தாள்.

“மூணாவது பல்லுலயே பாத்தேன்க்கா. நீ விட்டு விட்டுப் போட்டிருந்தே. சொன்னா கோச்சுப்பே. உன் பக்கம் மட்டும் அலையடிச்சு நின்னா நல்லாவா இருக்கும்? அதான் உனக்குத் தக்கன நானும் போட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா டிசைனுன்னு நினைச்சுப்பாங்க.”

“அப்போ பதில்?”

“உன் பக்கம் முடியப் போறதில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் பதிலைப் பத்தி யோசிச்சு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்.” கோபமாகச் சொல்லவில்லை. பால் வாங்கவில்லை என்று சொல்வதுபோல் சொன்னாள்.

என் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்கு மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளாது. இருபத்திரண்டு கோடைகாலம் அவளும் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு தூங்கினாள். அவளுக்கும் ஒத்துக்கொள்ளாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாளும் கேட்டதில்லை. தரையில் சால்வை கிடந்தது, இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு அலையடித்துக்கொண்டு. எனக்கு அவமானமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுத்தேன். பற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

“என்னக்கா பண்றே?”

“பிரிக்கிறேன். உன்னுதையும் பிரி.”

“சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கு.”

“எனக்கும் கிழமை தெரியும். பிரிடி.”

பிரித்த நூல் சுருள் சுருளாக அறை முழுக்கக் கிடந்தது. அப்படியே பின்னினால் கண்ணி கோணலாகும். நாற்காலி முதுகில் சுற்றிக் கட்டி, திங்கட்கிழமை சலவைக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். யாரும் இல்லாத சாப்பாட்டு நேரத்தில் ஆவியில் பிடித்தேன். ஒரு மாதச் சுருக்கம் என் கையிலேயே தளர்ந்து, இறங்கி, நேரானது. மூன்றாவது அறையை அன்றைக்கும் தேடினேன், ஆவிதான் இருந்தது. வரும்போது ஒரு பழைய தலையணை உறையும் கேட்டு வாங்கி வந்தேன்.

சாயங்காலம் மறுபடி அதே மூலையில் தொடங்கினோம். என் பக்கம் வளர வளர அதைத் தலையணை உறைக்குள் தள்ளி வாயைக் கட்டிவிட்டேன்.

“இது எதுக்கு?” என்றாள்.

“நீ எட்டிப் பாத்துப் பாத்துப் போடக் கூடாது. உன் பக்கத்தை உன் இஷ்டத்துக்குப் போடு. நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரிய வேணாம்.”

“மூலையில எப்படிச் சேர்றது?”

“எங்க முட்டுதோ அங்க சேர்ந்துக்கலாம்.”

அவள் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டாள். திருகு எதுவும் தளர்ந்திருக்கவில்லை.

நாலு சாயங்காலம் பின்னினோம். நான் ஒரு வரிசையைக்கூட ஏமாற்றவில்லை. ஒரு தடவை போய்வந்தால் ஒரு கண்ணி, எட்டுக் கண்ணிக்கு ஒரு பல். என்னால் முடிந்த வேகம் முழுவதையும் போட்டேன். அவள் எனக்காகக் காத்துக்கொண்டு உட்காரும்படி நான் பின்தங்கிவிடக் கூடாது என்று பயம். வலது கைக்காரி ஒருத்திக்கு நான் சளைத்தவளா என்ற வீம்பும் இருந்தது. தலை நிமிரவில்லை, ஏரியைப் பார்க்கவில்லை. ஊசிகளின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, எது என்னுடையது எது அவளுடையது என்று பிரிக்க முடியாமல்.

வெள்ளிக்கிழமை, ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. என் கணக்குப்படி மூலைக்குப் போக எனக்கு ஐந்து பல் மிச்சம். அப்போது என் முழங்கையில் எதுவோ இடித்தது. நிமிர்ந்தேன். அவள் முழங்கை. எதிர்க்கரையில் இருக்க வேண்டியவள் எப்போதோ மூலையைத் தாண்டி, என் பக்கத்துக்குள் வந்து, என் கண்ணிகளைத் தின்றுகொண்டிருந்தாள். எங்கள் இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் நாலே நாலு கண்ணி இருந்தது.

அவள் விரல்களைப் பார்த்தேன். அந்த வேகத்தை நான் பார்த்ததே இல்லை. நாற்பது வருஷமாக ஒரே வீட்டில், ஒரே விளக்கில் பின்னியிருக்கிறோம். நான் முன்னால் போகிறேன், அவள் பின்னால் வருகிறாள் என்றே நினைத்திருந்தேன்.

அவளும் நிமிர்ந்தாள். நாலு கண்ணியைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

“உன் பக்கம் வந்துட்டேனா? கவனிக்கவே இல்லக்கா.”

“வந்துட்டே.”

“இன்னும் நாலுதான் இருக்கு. நீ போடறியா?”

போட ஆசையாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன். நாலு கண்ணியை நாலு நாளுக்கு நீட்ட எனக்குத் தெரியும்.

“நீயே போடு,” என்றேன். அந்த நாலும் இருந்த ஊசி முனையை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தேன்.

எட்டு வரிசை பின்னினாள். கடைசிக் கண்ணியைத் தின்றதும் நூலைக்கூட அறுக்காமல் எழுந்து தொலைபேசிக்குப் போனாள். நான் ஒட்டுக் கேட்கவில்லை. இரண்டு அறை வீட்டில் அதற்குத் தேவையும் இல்லை. எண்ணைச் சுழற்றினாள், காத்திருந்தாள், தன் பெயரைச் சொல்லாமலே “வர்றேன்” என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்டாரோ, இன்னொரு தடவையும் அதையே சொன்னாள்.

நான் தையல் ஊசியில் நூல் கோத்து, இரண்டு ஓரங்களும் முட்டிய இடத்தைக் கண்ணிக்குக் கண்ணி சேர்த்துத் தைத்தேன். மூலையில் விழ வேண்டிய அந்தத் தையல், என் பக்கத்தில் ஐந்து பல் தள்ளி விழுந்தது.